மே மாதத்துக் கால்கள்



2002-ஆம் ஆண்டு மே 15. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். உயரத்திலிருந்து இறங்கி வந்த பந்தைத் தரையைத் தொடவிடாமல் இடக்காலால் சுழற்றி அடித்து, ரியல் மாட்ரிட்டுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார் பிரான்ஸ் வீரர் ஜினடின் ஜிடேன். சரியாக 11 நாள் கழித்து, மே 26 அன்று, தென்கொரியாவின் சுவோன் நகரில் ஒரு நட்பு ஆட்டம். அதில் அவருடைய தொடைத்தசை காயப்பட்டது. உலகக் கோப்பை தொடங்க 5 நாள்தான் மீதி இருந்தது.

நடப்புச் சாம்பியனாக வந்த பிரான்ஸ், செனகலிடம் தோற்றது. உருகுவேயுடன் கோலில்லாமல் சமன் செய்தது. மூன்றாவது ஆட்டத்துக்குத் தொடையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஜிடேன் இறங்கினார், டென்மார்க்கிடமும் தோல்வி. மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. அந்த அணியின் முன்களத்தைப் பாருங்கள்: தியரி ஆன்ரி, டேவிட் திரெசெகே, ஜிப்ரில் சிஸே. இங்கிலாந்து, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய மூன்று லீகிலும் அந்த சீசனில் கோல் பட்டியலின் உச்சியில் நின்றவர்கள் இவர்கள். ஏப்ரல் வரை வலையைக் கிழித்தவர்களுக்கு ஜூனில் என்ன ஆயிற்று?

ஒரு அணி தோற்பதற்குப் பல காரணங்கள் இருக்கும். களைப்பு ஒன்றையே காரணமாகக் காட்டினால் செனகலின் அருமையான ஆட்டத்தை நாம் அவமதித்தவர்கள் ஆவோம். ஆனால் இதே கேள்வியை ஒருவர் முறையாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகளிலிருந்து அந்த உலகக் கோப்பைக்குப் போன 65 வீரர்களின் கணக்கை அவரும் அவருடைய குழுவினரும் எடுத்தார்கள். போட்டிக்கு முந்தைய 10 வாரங்களில் யார் எத்தனை ஆட்டம் ஆடியிருந்தார்கள் என்பதுதான் கணக்கு. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடியவர்கள் சராசரியாக 9 ஆட்டம் ஆடியிருந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு ஆடாதவர்கள் ஆடியிருந்தது 12.5. மூன்றரை ஆட்டம்தான் வித்தியாசம். அந்த மூன்றரை ஆட்டத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

தொழில்முறைக் கால்பந்தில் சீசன் என்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். லீகில் மட்டும் 38 ஆட்டம். அதற்கு மேல் எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, ஐரோப்பியப் போட்டிகள். நடுநடுவே தேசிய அணியின் அழைப்பு. முன்னணி வீரர் ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 60 ஆட்டத்தைத் தாண்டிவிடும். கிரிக்கெட்டில் பழகிய நமக்கு இது பெரிதாகத் தோன்றாமல் போகலாம். கால்பந்தில் ஒரே ஆட்டம் உடலிடம் என்ன கேட்கிறது என்பதைப் பார்த்தால்தான் அந்த எண்ணின் எடை தெரியும்.

1976-இல் இங்கிலாந்தில் தாமஸ் ரெய்லியும் வான் தாமஸும் ஓர் ஆட்டத்தில் வீரர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று அளந்தபோது, சராசரியாக 8.7 கி.மீ. என்று வந்தது. இன்று 10 முதல் 12 கி.மீ. வரை ஓடுகிறார்கள். ஆனால் வெறும் தூரத்தை வைத்து எதையும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதில் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமும்தான். ஆட்டத்தைத் தீர்மானிப்பது நடுநடுவே வரும் வேக ஓட்டங்கள். டென்மார்க்கின் மக்னி மோர், பீட்டர் குருஸ்ட்ரூப், யென்ஸ் பாங்ஸ்போ மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர வீரரையும் நடுத்தர வீரரையும் பிரித்துக் காட்டியது இந்த வேக ஓட்டம்தான். உயர்தர வீரர் ஓர் ஆட்டத்தில் 2.4 கி.மீ. அளவுக்கு வேகமாக ஓடினார். அடுத்த தரத்தில் இருந்தவர் 1.9 கி.மீ.யோடு நின்றார். கடைசி 15 நிமிடத்தில் எல்லோருக்கும் அது சரிந்தது. புதிதாக இறங்கிய மாற்று வீரர் மட்டும், முழு ஆட்டமும் ஆடிக் களைத்தவரைவிட அந்த 15 நிமிடத்தில் 25 சதவீதம் கூடுதலாக வேக ஓட்டம் ஓடினார்.

இந்தத் திறனை அளக்க பாங்ஸ்போ உருவாக்கியதுதான் யோ-யோ சோதனை. இங்கே இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் அதை நடத்தியிருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள். ஒலிநாடாவில் ஒரு பீப் கேட்டதும் ஓட வேண்டும். அடுத்த பீப்புக்குள் எதிர்க் கூம்பைத் தொட்டுத் திரும்பி, மூன்றாவது பீப்புக்குள் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் 10 விநாடி ஓய்வு. நிற்கக்கூட நேரமில்லை, 5 மீட்டர் தள்ளியுள்ள குறிவரை நடந்து திரும்பினால் அடுத்த பீப் வந்துவிடும். பீப்புகளுக்கு நடுவே உள்ள நேரம் போகப் போகச் சுருங்கும். முதல் சில சுற்று பேச்சும் சிரிப்புமாகப் போகும். பத்து நிமிடத்துக்குள் மைதானத்தில் மூச்சிரைப்பைத் தவிர வேறு ஒலி இருக்காது. இரண்டு முறை பீப்புக்குப் பிந்தினால் வெளியேற வேண்டியதுதான். நல்ல தொழில்முறை வீரர் 2 கி.மீ. தாண்டுவார். இந்தச் சோதனையின் அருமை என்னவென்றால், கால்பந்து ஆடும்போது உடல் எப்படி உழைக்கிறதோ அப்படியே உழைக்க வைக்கிறது: ஓட்டம், திருப்பம், போதாத ஓய்வு, மறுபடி ஓட்டம்.

இப்போது ஓர் ஆண்டைப் பார்ப்போம். மே இறுதியில் விடுமுறை. 4 வாரம் பயிற்சி இல்லாமல் இருந்தால் முதலில் குறைவது இரத்தத்தின் பிளாஸ்மா அளவு. சில நாட்களிலேயே அது நடக்கும். அதனால் இதயம் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் இரத்தம் குறைகிறது. அடுத்து, தசைக்குள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் நொதிகள் சரிகின்றன. உடற்கொழுப்பு ஏறுகிறது. வலிமை மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக நிற்கும். ஜூலையில் முன்பருவப் பயிற்சி. டென்மார்க் வீரர்களிடம் செய்த அளவீட்டில், முன்பருவத்துக்கு முன்னும் பின்னும் ஆக்ஸிஜன் கொள்திறன் 7 சதவீதம்தான் உயர்ந்தது. யோ-யோவில் ஓடிய தூரமோ 25 சதவீதம் உயர்ந்தது. அதாவது நுரையீரலும் இதயமும் அடையும் முன்னேற்றம் சிறியது. வேகமாக ஓடி, உடனே தேறி, திரும்ப ஓடும் ஆற்றல்தான் அந்தச் சில வாரத்தில் பெரிதாக ஏறுகிறது. அதனால்தான் முன்பருவத்தைச் சுருக்கிவிட்டு, சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அமெரிக்காவுக்கும் அணிகளை விளம்பரப் பயணம் அனுப்புவது என்னைக் கவலைப்படுத்துகிறது. விமானத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் அந்த 25 சதவீதத்திலிருந்து கழிகிற நாள்.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? கோடையில் தூர்வாரி மழையில் நிறைத்த ஏரியை மடை திறந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதுபோல, ஜூலையில் நிறைத்த உடலை மே வரை செலவழிக்கிறார்கள் என்றுதான் பொதுவாக எல்லோரும் நினைக்கிறோம். டிசம்பரில் பாதி, மே மாதம் வற்றிய தரை. அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. ஆக்ஸிஜன் கொள்திறன் சீசன் முழுக்கப் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்கிறது. குதிக்கும் உயரமும் குறுந்தூர வேகமும் பெரிதாகச் சரிவதில்லை. ஐரோப்பிய அணிகளின் ஆட்டங்களை அளந்த ஆய்வுகளில், சீசனின் தொடக்கத்தைவிட இறுதியில் வீரர்கள் கூடுதலாக வேக ஓட்டம் ஓடியதும் பதிவாகியிருக்கிறது. ஏனென்றால் ஆட்டமே மிகக் கடுமையான பயிற்சி. வாராவாரம் 90 நிமிடம் ஆடுகிறவருக்கு, அந்த ஆட்டமே உடற்தகுதியைக் காத்துக் கொடுக்கிறது.

அப்படியானால் களைப்பு என்பது வெறும் பேச்சா? நண்பர்களே, இங்கேதான் நாம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சோதனைக்கு அகப்படுவது ஒன்று; தேய்வது வேறொன்று.

ஓர் ஆட்டம் முடிந்ததும் தொடைத்தசையிலிருந்து ஊசியால் ஒரு துளித் தசையை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ பாதித் தசை இழைகளில் கிளைக்கோஜன், அதாவது சேமித்த மாவுச்சத்து, முழுவதுமோ கிட்டத்தட்ட முழுவதுமோ தீர்ந்திருந்தது. நன்றாகச் சாப்பிட்டாலும் அது நிரம்ப 2 முதல் 3 நாள் ஆகும். தசை இழைச் சேதத்தைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் 72 மணி நேரம்கூட உயர்ந்தே இருக்கும். சனிக்கிழமை ஆடியவர் புதன்கிழமை ஓரளவு தேறிவிடுவார். ஆனால் புதன்கிழமையும் ஆட்டம்; மறுபடி சனிக்கிழமை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்.

2010-இல் கிரெகோரி துப்போன் என்பவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரை இருக்கிறது. இந்தத் துறையில் அதைவிட முக்கியமாக நான் கருதுவது அதிகமில்லை. சாம்பியன்ஸ் லீகில் ஆடிய ஓர் அணியின் 32 வீரர்களை 2 சீசன் தொடர்ந்து கவனித்தார்கள். வாரம் ஓர் ஆட்டம் ஆடியபோதும் சரி, வாரம் இரண்டு ஆடியபோதும் சரி, ஓடிய தூரத்தில் வித்தியாசமில்லை. வேக ஓட்டத்திலும் வித்தியாசமில்லை. காயக் கணக்குக்கு வாருங்கள். வாரம் ஓர் ஆட்டம் என்றால் 1000 மணி நேரத்துக்கு 4.1 காயம். வாரம் இரண்டு என்றால் 25.6. ஆறு மடங்கு.

ஓடிய தூரத்தை மட்டும் பார்க்கிற பயிற்சியாளருக்கு அந்த வீரர் நேற்று இருந்தது போலவே இன்றும் இருப்பார். தொலைக்காட்சியில் திரையோரம் ஓடும் எண்களும் அதையேதான் சொல்லும். தசை மட்டும் வேறு கணக்கு வைத்திருக்கிறது.

எந்தத் தசை என்றும் சொல்லிவிடலாம். பெரும்பாலும் ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசை. முழு வேகத்தில் ஓடுகிறவரின் காலை மெதுவாக்கிய படத்தில் பாருங்கள். தொடை முன்னே வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி சாட்டையைப் போல முன்னோக்கி வீசப்படுகிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்த வீச்சைப் பிடித்து நிறுத்த வேண்டியது பின்தொடைத் தசையின் வேலை. தான் நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். தசைக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. களைத்த தசையால் அந்தப் பிடியை முழுதாகக் கொடுக்க முடிவதில்லை. இங்கிலாந்தில் எடுத்த ஒரு கணக்கில், ஆட்டத்தின்போது நேர்ந்த ஹாம்ஸ்ட்ரிங் காயங்களில் 47 சதவீதம் இரண்டு பாதிகளின் கடைசி மூன்றிலொரு பங்கு நேரத்தில் நேர்ந்தவை. வீரர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் மோதவில்லை, யாரும் இடறவில்லை.

ஐரோப்பிய கால்பந்துச் சங்கத்துக்காக எக்ஸ்ட்ராண்ட் 2001-இல் தொடங்கிய கிளப் காய ஆய்வு இன்றும் நடக்கிறது. 25 பேர் கொண்ட ஓர் அணியில் சீசனுக்குச் சராசரியாக 50 காயம் என்று அது காட்டியது, ஆளுக்கு 2. மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 2001-02 சீசனில் 12 சதவீதமாக இருந்தது. 2021-22-இல் 24 சதவீதம். இடையே விளையாட்டு மருத்துவம் எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு கிளப்பிலும் பிசியோதெரபிஸ்டுகள் கூட்டமாக இருக்கிறார்கள், பனிக்குளியல் இருக்கிறது, முதுகில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. அத்தனைக்கும் நடுவில் இந்தப் பங்கு இரட்டிப்பாகியிருக்கிறது. ஆட்டத்தின் வேகம் கூடியது ஒரு காரணம். நாள்காட்டி நெரிசலாகிப்போனது இன்னொன்று என்பது என் உறுதியான கருத்து.

ஓய்வின் மதிப்பையும் அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை குளிர்கால விடுப்பு உண்டு. இங்கிலாந்தில் நேர்மாறு, கிறிஸ்துமஸ் மறுநாளே ஆட்டம். குளிர்கால விடுப்பு இல்லாத அணிகள், விடுப்பு உள்ளவற்றைவிட ஒரு சீசனில் சராசரியாக 303 வீரர்-நாட்களைக் கூடுதலாகக் காயத்துக்குப் பறிகொடுத்தன என்று 2019-இல் எக்ஸ்ட்ராண்ட் குழு கண்டது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2019-20 சீசனில் பிப்ரவரியில் ஒரு சிறு விடுப்பைக் கொண்டுவந்தது. 2024-25-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். நாள்காட்டியில் இடமில்லையாம்.

லெஸ்டர் சிட்டியின் கதையை இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 2015-16-இல் யாரும் எதிர்பாராமல் அவர்கள் பிரீமியர் லீக் பட்டம் வென்றதை அதிசயம் என்கிறோம். ஐரோப்பியப் போட்டி எதிலும் அவர்கள் இல்லை. கோப்பைப் போட்டிகளில் சீக்கிரமே வெளியேறினார்கள். சீசன் முழுக்க மொத்தம் 43 ஆட்டம்தான். லீகில் அவர்கள் பயன்படுத்தியது 23 பேரை. ஏறக்குறைய ஒரே பதினொருவர் மே வரை களத்தில் நின்றார்கள். பயிற்சியாளர் கிளாடியோ ரானியேரி வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை கொடுத்தார். ஜேமி வார்டியின் வேகமும் காந்தேயின் ஓட்டமும் ஏப்ரலிலும் குறையாமல் இருந்ததில் அந்த வெற்று புதன்கிழமைகளுக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

நம் கவனத்துக்கு வராதவர்கள் இன்னும் சிலர் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள். ஆட்டமே சிறந்த பயிற்சி என்றால், ஆட்டம் கிடைக்காதவர் கதி என்ன? களத்தில் அதிக நிமிடம் ஆடியவர்களின் வேகமும் கால் வலிமையும் சீசனில் தாக்குப்பிடிப்பதையும், ஆடாதவர்கள் பின்தங்குவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அணிப் பயிற்சியோ ஆடியவர்களின் களைப்பைப் பார்த்துத் தளர்த்தப்படும். ஆக, ஆடாதவருக்கு ஆட்டமும் இல்லை, கடும் பயிற்சியும் இல்லை. ஜனவரியில் யாரோ காயப்பட்டதும் இவரைத் திடீரென்று இறக்கி 90 நிமிடம் ஓடச் சொல்வார்கள். விவரமான பயிற்சியாளர்கள் ஆட்டம் முடிந்த கையோடு, விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும் அதே மைதானத்தில், இறங்காத வீரர்களைத் தனியே வேக ஓட்டம் ஓட வைக்கிறார்கள். கூட்டம் கலைந்துகொண்டிருக்கும்போது நடக்கும் அந்தப் பயிற்சியை யாரும் நின்று பார்ப்பதில்லை. பள்ளி, கல்லூரி அணி வைத்திருப்பவர்கள் அவசியம் இதைப் பின்பற்ற வேண்டும். இந்தியாவில் ஒரு முழு லீகே இந்தச் சிக்கலைச் சந்தித்தது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அக்டோபர் 12 அன்று தொடங்கி டிசம்பர் 20 அன்று முடிந்துவிட்டது. பத்து வார ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்க யாரும் உடலைக் காக்க முடியாது.

எதிர் எல்லையில், அளவுக்கு மீறி ஆடியவர் ஸ்பெயின் வீரர் பெத்ரி. பார்சிலோனா அணிக்கு அவர் வந்த முதல் சீசன் 2020-21. நடுவில்தான் 18 வயது நிறைந்தது. கிளப், ஸ்பெயின் தேசிய அணி, யூரோ கோப்பை, அதற்கு மேல் டோக்கியோ ஒலிம்பிக். எல்லாம் சேர்த்து 70 ஆட்டத்துக்கு மேல். ஒலிம்பிக் இறுதி ஆட்டம் 2021 ஆகஸ்ட் 7; அடுத்த லீக் சீசன் ஒரு வாரத்தில் தொடங்கிவிட்டது. அந்தச் சீசனில் தொடைத்தசை அவரை மறுபடி மறுபடி உட்கார வைத்தது. 2022 ஏப்ரலில் வந்த காயத்தோடு அவருடைய சீசனே முடிந்தது. அந்த வயதில் எலும்பும் தசைநாணும் இன்னும் முழுமைக்கு வந்துகொண்டிருக்கும். பெரியவர்கள் அந்தப் பையனைப் பாதுகாத்திருக்க வேண்டும். 

தற்காப்பு முறைகள் இல்லாமலில்லை. நார்டிக் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. செலவே கிடையாது. மண்டியிட்டு நிமிர்ந்திருங்கள், நண்பர் ஒருவர் உங்கள் கணுக்கால்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், உடலை ஒரே பலகையாக முன்னோக்கி மெல்லச் சாயவிடுங்கள். விழாமல் எவ்வளவு நேரம் தாங்க முடியுமோ தாங்குங்கள்; பின்தொடை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும். ஓட்டத்தில் அது செய்யும் அதே வேலை. இதைத் தொடர்ந்து செய்த அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. இன்னொன்று, 5 மாற்று வீரர் விதி. கொரோனா காலத்தில், 2020 மே மாதம் தற்காலிகமாக வந்து 2022-இல் நிரந்தரமானது. நல்ல விதி. ஆனால் இரண்டுமே 60 ஆட்டத்தை 45 ஆக்கிவிடாது.

வீரர்களே இப்போது வாய் திறந்து பேசுகிறார்கள். 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, வேலைநிறுத்தத்துக்கு நாங்கள் வெகுதூரத்தில் இல்லை என்ற பொருளில் பேசினார். சில நாளிலேயே ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. ஒரு காயத்தை வைத்துக் காரணம் நிறுவ முடியாது; நான் நிறுவவும் முயலவில்லை. அடுத்த மாதமே வீரர்களின் பன்னாட்டுச் சங்கமான ஃபிஃப்ப்ரோவின் ஐரோப்பியப் பிரிவும் ஐரோப்பிய லீகுகளும் சேர்ந்து, பன்னாட்டு நாள்காட்டியைத் தன் விருப்பத்துக்கு நிர்ணயிக்கிறது என்று ஃபிஃபா மீது ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தன.

2025 கோடையில் 32 அணிகளோடு கிளப் உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தது. அதே ஜூலையில், சீசன் முடிவில் வீரருக்குக் குறைந்தது 21 நாள் ஓய்வு என்று ஃபிஃபா அறிவித்தது. வீரர் சங்கம் கேட்பது 28. இதைச் செல்சீயின் நாள்காட்டியில் வைத்துப் பார்ப்போம். கிளப் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அவர்கள் வென்றது ஜூலை 13. பிரீமியர் லீகில் அவர்களுடைய முதல் ஆட்டம் ஆகஸ்ட் 17. இடையே 35 நாள். 28 நாள் ஓய்வு கொடுத்தால் தயாராக ஒரு வாரம். 21 நாள் கொடுத்தால் இரண்டு வாரம். யோ-யோவில் அந்த 25 சதவீதம் ஏற ஐந்தாறு வாரமாவது வேண்டும். ஓய்வைக் குறைத்தால் தசை ஆறாது. பயிற்சியைக் குறைத்தால் தயாராகாத கால்களோடு களமிறங்க வேண்டும். எந்தப் பயிற்சியாளரிடம் கொடுத்தாலும் அந்த 35 நாளுக்குள் இரண்டையும் அடக்க முடியாது. 38 ஆட்டத்தில் கை வைக்க லீக் சம்மதிக்காது, புதுப் போட்டியைக் கைவிட ஃபிஃபா சம்மதிக்காது. இடையில் இருப்பது அந்தப் பின்தொடைத் தசை ஒன்றுதான். அதைக் கூட்டத்துக்கு யாரும் அழைப்பதில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் விரும்பினால் நார்டிக் பயிற்சியை மேடைக்குக் கீழே செய்தே காட்டுகிறேன்.